வறுமை தெரிந்தெடுக்கப்படுவதா? – வீரபாண்டித் தொழிலாளர் வாழ்வை முன்னிட்டுச் சில சிந்தனைகள்

முன்னுரை

ஏழைகள் விரும்பியே ஏழைகளாயிருக்கின்றனர் என்னும் கூற்று புதிதன்று. சபைக் கமிட்டியில் உதவி நிதியைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுகிறார். "நல்ல கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தோம், நிலைக்கவில்லை, பிள்ளையைப் படிக்கவை என்றோம், மில்லுக்கு அனுப்பிவிட்டான், இவர்களை யார் திருத்த முடியும்?" என்பது அதன் வழக்கமான வடிவம். இதற்கு நேர்மாறாகத் தோன்றும் வேறொரு கூற்றும் உண்டு. வீடு சந்திக்கச் செல்லும் ஆயரிடம், "எங்களுக்கு என்ன குறை ஐயா, பரவாயில்லை, ஆண்டவர் நடத்துகிறார்" என்று ஏழைகளே கூறுகின்றனர். முதற்கூற்று ஏழையின் மீது பழி சுமத்துகிறது. இரண்டாவது ஏழையின் வாயிலிருந்தே வருகிறது. இவ்விரண்டையும் இணைத்து, ஏழைகள் தம் நிலையைத் தாமே தெரிந்தெடுத்து அதில் மனநிறைவும் கொண்டுள்ளனர் என்று நாம் எளிதாக முடிவு செய்துவிடுகிறோம்.

இம்முடிவு நமது பிரசங்கத்தையும் உதவிப் பணியையும் ஆழமாகப் பாதிக்கிறது. ஆதலால் அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஆராய்வது ஆயர்களுக்கும் இறையியல் மாணவர்களுக்கும் கடமையாகிறது. இக்கட்டுரை திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் வட்டாரத்தை, குறிப்பாகப் பல்லடம் சாலையிலுள்ள வீரபாண்டியையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளையும் முன்னிட்டு இவ்வினாவை அணுகுகிறது.

1. வறுமையும் எளிமையும்

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். வறுமை, எளிமை, துறவு என்பன தமிழில் வெவ்வேறு பொருளுடையவை. திருக்குறள் துறவை அறத்துப்பாலில் 35ஆம் அதிகாரமாக வைக்கிறது. வறுமையை நல்குரவு என்ற பெயரில் பொருட்பாலில் 105ஆம் அதிகாரமாக வைக்கிறது. முன்னது ஒருவன் மேற்கொள்ளும் அறம். பின்னது ஒருவனை வந்து பற்றும் துன்பம். பொருளில்லாமை இரண்டுக்கும் பொதுவாயிருப்பினும் வள்ளுவர் அவற்றை ஒன்றாகக் கருதவில்லை.

கிரேக்க மொழியிலும் பயனுள்ள ஒரு வேறுபாடு உண்டு. 'பெனேஸ்' என்பவன் அன்றாடம் உழைத்து வாழவேண்டிய ஏழை. 'ப்தோகோஸ்' என்பவன் ஒன்றுமில்லாமல் பிறர்முன் கூனிக் குறுகி நிற்பவன். புதிய ஏற்பாட்டில் முதற்சொல் ஒரேயொரு முறை மட்டுமே வருகிறது (2 கொரிந்தியர் 9:9). பிற இடங்களில் பெரும்பாலும் இரண்டாவது சொல்லே ஆளப்படுகிறது. லூக்கா 6:20இல் இயேசு பாக்கியவான்கள் என்று அழைப்பது இவர்களையே. இறைவனின் அரசு அவர்களுக்குரியது என்பதே அங்குக் கூறப்படும் காரணம். அவர்களுடைய வறுமை நல்லது என்று அவ்வசனம் கூறவில்லை.

விரும்பி ஏற்ற எளிமைக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்றுகள் உள. 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் காந்தியடிகள் தம் மேலாடையைக் களைந்து அரையாடையை ஏற்றார். அதே 1921ஆம் ஆண்டில் சவரிராயன் ஜேசுதாசன், எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் என்னும் இரு மருத்துவர்கள் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவி எளிய வாழ்வை மேற்கொண்டனர். இவர்களுடைய எளிமையை நாம் போற்றுகிறோம், போற்றவும் வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காந்தியடிகள் வழக்கறிஞர், மற்ற இருவரும் மருத்துவர்கள். வேறு விதமாக வாழும் வழி அவர்கள் முன் திறந்திருந்தது. வேண்டுமானால் அதற்குத் திரும்பிச் செல்லவும் கூடும். மதுரையில் அந்நாளில் அரையாடையோடு நின்ற ஏழை உழவனுக்கு அத்தகைய வழி இல்லை. ஆடை ஒன்றே, ஆயினும் ஒருவர் அதைத் தெரிந்தெடுத்தார், மற்றவர் அதை விட்டு வேறொன்றை உடுத்த இயலாதிருந்தார்.

பவுல் 2 கொரிந்தியர் 8:9இல் கிறிஸ்துவைப் பற்றிக் கூறுவதும் இதே அமைப்புடையது. செல்வமுடையவராயிருந்தவர் நமக்காக ஏழையானார் என்பதே அவருடைய வாதம். செல்வமுடையவராயிருந்தார் என்ற முற்பகுதியை நீக்கிவிட்டால் வாதமே இல்லை. மறுக்கக் கூடியவரே தெரிந்தெடுக்கக் கூடியவர். இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு வீரபாண்டிக்கு வருவோம்.

2. உழைப்பைப் பற்றிய ஒரு கதை

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் 1925ஆம் ஆண்டளவில் தொடங்கியது. உள்நாட்டுச் சந்தைக்கு வெள்ளைப் பனியன் செய்த ஊர், 1970களின் பிற்பகுதி முதல் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்யலாயிற்று. இன்று ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஆடைகள் இங்கிருந்து செல்லுகின்றன. 2009இல் திருப்பூர் தனி மாவட்டமாயிற்று. ஊராட்சியாயிருந்த வீரபாண்டி 2011இல் திருப்பூர் மாநகராட்சியில் சேர்ந்தது. நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங், ஓவர்லாக், கைமடி, செக்கிங், அயர்ன், பேக்கிங் எனப் பல பிரிவுகளாக வேலை பகுக்கப்பட்டிருக்கிறது. தென்மாவட்டங்களிலிருந்து வந்தோரும், அண்மைக் காலத்தில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோரும் லைன் வீடுகளில் குடியிருக்கின்றனர். பன்னிரண்டு மணி நேரமாகும் 'ஒன்றரை ஷிப்ட்' இங்கு வழக்கமான வேலை நாள். சனிக்கிழமை சம்பளத்தைக் கொண்டே வாடகையும் மளிகைக் கடனும் வட்டியும் தீரவேண்டும்.

இவ்வூரைப் பற்றி இவ்வூரே சொல்லிக்கொள்ளும் கதை ஒன்று உண்டு. ஒரு மனிதன் வெறுங்கையோடு வந்தான். இரவு பகலாக உழைத்தான். முதலாளியானான் என்பதே அக்கதை. இதில் உண்மையில்லாமலில்லை. இத்தொழிலைப் பற்றிச் சரத் சாரி என்னும் அறிஞர் 2004இல் வெளியிட்ட ஆங்கில நூல், கவுண்டர் உழவர் குடிகளிலிருந்து தொழிலாளராக வந்து பின் முதலாளிகளானோர் பலர் என்பதையும், அவர்கள் தம் உயர்வுக்கு 'உழைப்பு' என்ற ஒரே சொல்லைக் காரணமாகக் கூறுவதையும் விரிவாக எடுத்துக்காட்டுகிறது. ஆனால் அந்நூல் அத்துடன் நிற்கவில்லை. உறவினரும் சாதியினரும் கொடுத்த கடன், பங்காளிகளோடு கூட்டு, ஊரிலிருந்த நிலம், பெண் கொடுத்த வீட்டாரின் உதவி ஆகியவை அவ்வுழைப்போடு சேர்ந்தே முதலாளிகளை உருவாக்கின. அதே மேசைகளில் அதே அளவு உழைத்த பெண்களும் தாழ்த்தப்பட்ட மக்களும் அவ்வாறு உயரவில்லை. உழைப்பு குறைந்ததன்று காரணம். உழைப்பை முதலாக மாற்றும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை.

"உழைத்தவன் உயர்ந்தான்" என்பதிலிருந்து "உயராதவன் உழைக்கவில்லை" என்பதற்குச் செல்வது ஒரு சிறு தாவலே. திருமறையில் இத்தாவலை முதன்முதலாகச் செய்பவன் பார்வோன். வைக்கோல் கொடுக்காமல் செங்கற்கணக்கைக் குறைக்கவும் மறுத்துவிட்டு, முறையிட வந்தவர்களை அவன் சோம்பேறிகள் என்றான் (யாத்திராகமம் 5:17). சோம்பலைக் கண்டிக்கும் நீதிமொழிகள் நூலே, ஏழையின் நிலம் மிகுந்த விளைவைக் கொடுத்தாலும் நியாயமின்மையால் அது வாரிக்கொண்டு போகப்படுகிறது என்றும் கூறுகிறது (நீதிமொழிகள் 13:23). முதல் வகை வசனங்களை மட்டும் பிரசங்கித்து இரண்டாவதை விட்டுவிடுவது திருமறையைப் பாதியாக வாசிப்பதாகும்.

3. மூன்று தெரிவுகள்

ஏழைகள் தாமே வறுமையைத் தேடிக்கொள்கின்றனர் என்பதற்குச் சான்றாக இப்பகுதியில் மூன்று செயல்கள் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, சேமலாப நிதியும் ஈ.எஸ்.ஐ. வசதியும் உள்ள பெரிய கம்பெனியை விட்டு, அவை ஒன்றுமில்லாத சிறு பட்டறையில் பீஸ் ரேட்டுக்குச் செல்லுதல். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது மூடத்தனமாகத் தோன்றும். ஆனால் சேமலாப நிதிக்காக ஊதியத்தில் 12 விழுக்காடு பிடிக்கப்படுகிறது; அத்தொகை கைக்கு வருவது என்றோ ஒரு நாள்; வீட்டு வாடகையோ இம்மாதமே கொடுக்கப்படவேண்டும். மேலும், சிறு பட்டறையில் பள்ளி விடும் நேரத்திற்குத் தாய் வீட்டிற்கு வர இயலும். ஊரில் ஒரு சாவு என்றால் கேட்டுவிட்டுச் செல்ல இயலும். இவ்வட்டாரத்தில் நீண்ட காலம் ஆய்வு செய்த கெயர்ட் டி நேவ், கிரேஸ் கார்ஸ்வெல் ஆகியோர், தொழிலாளர் இத்தகைய கணக்குகளைத் தெளிவாகவே போடுகின்றனர் என்று காட்டியுள்ளனர். அத்தாய் பாதுகாப்பற்ற வேலையை விரும்பவில்லை. பாதுகாப்பும் குழந்தையைக் கவனிக்கும் நேரமும் சேர்ந்து கிடைக்கும் வேலை அவள் முன் வைக்கப்படவேயில்லை. இரண்டில் ஒன்றை விடவேண்டும் என்ற நிலையில் அவள் குழந்தையை விடாதிருந்தாள்.

இரண்டாவது, விசைத்தறி முதலாளியிடம் முன்பணம் வாங்குதல். முன்பணம் வாங்கியவர் அதைத் தீர்க்கும்வரை வேறிடம் செல்ல இயலாது. தீர்ப்பதற்குள் மீண்டும் வாங்கவேண்டிய தேவை வந்துவிடும். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்திற்குப் பின்னும் கடன் மனிதனைத் தறியோடு கட்டிவைக்கிறது. "தெரிந்தே வாங்குகிறார்கள்" என்பது உண்மையே. மகளின் பிரசவத்திற்கோ தந்தையின் அறுவைச் சிகிச்சைக்கோ பணம் தேவைப்படும்போது வங்கி ஈடு கேட்கிறது. தறி முதலாளி ஆளையே ஈடாக ஏற்கிறார். கார்ஸ்வெலும் டி நேவும் 2014இல் வெளியிட்ட ஒரு கட்டுரை மேலும் ஒன்றை உணர்த்துகிறது. திருப்பூருக்குப் பேருந்தில் சென்று பனியன் வேலை செய்ய வாய்ப்புப் பெற்ற தலித் இளைஞர்கள், உள்ளூர் முதலாளியின் பிடியிலிருந்தும் அவமதிப்பிலிருந்தும் விடுபட்டதையே பெரும் பேறாக எண்ணினர். வேறு வழி திறந்த இடத்தில் அவர்கள் அவ்வழியே சென்றனர். திறவாத இடத்தில் முன்பணத்தின் கட்டு நீடித்தது.

மூன்றாவது, வயதுக்கு வந்த மகளை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் நூற்பாலை விடுதிக்கு அனுப்புதல். சுமங்கலித் திட்டம் முதலிய பெயர்களால் அறியப்பட்ட இம்முறையில், மூன்றாண்டு முடிவில் 30,000 ரூபாய் முதல் 50,000 ரூபாய் வரை ஒரே தொகையாகக் கொடுக்கப்படும் என்று சொல்லி இளம் பெண்கள் சேர்க்கப்பட்டனர். 2011இல் நெதர்லாந்து நாட்டுத் தொண்டு நிறுவனங்கள் வெளியிட்ட அறிக்கை, அப்பெண்கள் விடுதிக்குள் அடைபட்டு நீண்ட நேரம் உழைத்ததையும், இடையில் நோயுற்று வெளியேறியோர் அத்தொகையை இழந்ததையும் உலகறியச் செய்தது. அத்தொகை முதலாளியின் கொடையன்று, அவர்களுக்குக் கொடாமல் நிறுத்தி வைக்கப்பட்ட கூலியே. யாக்கோபு 5:4ஐப் பிரசங்கிக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. 1961ஆம் ஆண்டுமுதல் வரதட்சணை சட்டப்படி குற்றமாயினும், அது கேட்கப்படாத திருமணம் அரிதாயிருக்கும் சமுதாயத்தில், பெற்றோர் அத்திட்டத்தை ஒரு வழியாகக் கண்டனர். நம் சபைகளிலும் வரதட்சணை கேட்கப்படுகிறது என்பதை இவ்விடத்தில் மறவாதிருப்பது நலம்.

இம்மூன்றிலும் தெரிவு இருக்கிறது. ஏழைகளைச் சிந்தனையற்ற பொம்மைகளாகக் கருதுவது அவர்களுக்குச் செய்யும் மற்றுமோர் அநீதியாகும். ஆனால் அவர்கள் தெரிந்தெடுத்தது வறுமையை அன்று. வறுமைக்குள் தமக்கு எஞ்சியிருந்த வழிகளில் ஒன்றையே தெரிந்தெடுத்தனர். வழிகள் இவ்வளவு குறுகியிருப்பதற்குத்தான் வறுமை என்று பெயர். 2011ஆம் ஆண்டு ஜனவரியில் நொய்யல் ஆற்றின் மாசு காரணமாகச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டபோது, அவற்றில் கூலிக்கிருந்தோர் ஒரே வாரத்தில் வேலையற்றோராயினர். ஆற்றில் சாயநீரை விட முடிவு செய்தவர்கள் அவர்களல்லர். மூடியபின் முதலாவது பட்டினி கிடந்தவர்கள் அவர்களே.

4. தம் நிலையைத் தாம் காணும் விதம்

இனி, "பரவாயில்லை" என்னும் சொல்லுக்கு வருவோம். ஏழை தன் நிலையைப் பற்றித் தானே கூறும் சாட்சியை எவ்வாறு ஏற்பது?

பொருளியலறிஞர் அமர்த்தியா சென் தம் நூல்களில் எடுத்துக்காட்டும் ஆய்வு ஒன்று நமக்கு வழிகாட்டும். வங்காளப் பஞ்சத்தை அடுத்து 1944இல் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூரில் அகில இந்தியச் சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. தாங்கள் நோயுற்றிருப்பதாகவோ உடல்நலம் குன்றியிருப்பதாகவோ கூறிய மனைவியிழந்த ஆண்கள் 48.5 விழுக்காட்டினர். அவ்வாறு கூறிய கைம்பெண்களோ 2.5 விழுக்காட்டினர் மட்டுமே. கைம்பெண்கள் ஆண்களைவிட நலமாயிருந்தனர் என்று இதற்குப் பொருள் கொள்ள இயலாது. தன் உடல்நலத்தை ஒரு பொருட்டாக யாரும் கேட்டிராத பெண், தானும் அதை ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. நெடுங்காலம் நீடிக்கும் இல்லாமை, ஆசையையும் தன் அளவுக்குக் குறைத்துவிடுகிறது என்பதே சென் இதிலிருந்து காட்டும் உண்மை.

வீரபாண்டியில் ஒருவர் "பரவாயில்லை" என்னும்போது அவர் தம்மை எதனோடு ஒப்பிடுகிறார் என்று கேட்கவேண்டும். மழை பொய்த்த சிவகங்கைச் சீமையின் கூலியோடோ, ஆண்டில் சில மாதங்களே வேலையுள்ள ஒடிசாவின் வயலோடோ ஒப்பிட்டால் வாரச் சம்பளம் மெய்யாகவே பரவாயில்லைதான். அச்சொல் பொய்யன்று; அது ஓர் ஒப்பீடு. தாம் தைக்கும் சட்டையின் விலையோடோ, தம் பிள்ளைக்குக் கிடைத்திருக்கக்கூடிய கல்வியோடோ ஒப்பிட அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அதே போல் "தலையெழுத்து" என்னும் சொல்லையும் ஆராயவேண்டும். அது பல வேளைகளில் விளக்கமன்று, வலி மருந்து. மாற்ற இயலாததை எண்ணி எண்ணி நோவதைவிட அதற்கு ஒரு பெயரிட்டு ஒதுக்கிவைப்பது வாழ உதவுகிறது.

வறுமை மனத்தை எவ்வாறு அழுத்துகிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே செய்யப்பட்ட ஓர் ஆய்வு உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்து, அதன் முடிவுகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலிய அறிஞர்கள் 2013இல் வெளியிட்டனர். கையில் பணமில்லாத அறுவடைக்கு முந்திய நாட்களில் சிந்தனைத் தேர்வில் குறைந்த திறனைக் காட்டிய அதே விவசாயி, பணம் வந்தபின் மேம்பட்ட திறனைக் காட்டினார். மனிதன் மாறவில்லை, அவன் மேலிருந்த சுமை மாறிற்று. தவறான முடிவுகளால் வறுமை வருகிறது என்று கூறுவோர், வறுமையால் முடிவுகள் பிழைபடுவதையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்பதை இது காட்டுகிறது. மோசே விடுதலைச் செய்தியைக் கூறியபோது இஸ்ரவேலர் செவிகொடாமற் போனதற்கு யாத்திராகமம் 6:9 கூறும் காரணமும் இதுவே. உள்ளம் ஒடுங்கியிருந்தது, வேலை கடுமையாயிருந்தது. அவர்கள் அடிமைத்தனத்தை விரும்பினர் என்று அந்நூல் கூறவில்லை.

ஆயினும் இதிலிருந்து, ஏழைகளுக்குத் தம் நிலை தெரியாது, நாம்தான் தெரிவிக்கவேண்டும் என்ற முடிவுக்கு வருதல் பெரும் பிழை. 1984இல் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர் பஞ்சப்படி கேட்டு 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். நான்கு மாதங்களுக்கு மேல் கூலியின்றித் தாக்குப்பிடித்த அவர்களும், தலையெழுத்து என்ற சொல் வழங்கும் அதே குடும்பங்களைச் சேர்ந்தவர்களே. தனியே இருந்தபோது விதியென்று பேசியவர், கூடி நின்றபோது உரிமையென்று பேசினார். ஒருவர் தம் நிலையைக் காணும் விதம், அதை மாற்றும் வழி அவருக்கு முன் தென்படுகிறதா என்பதைப் பொறுத்தே அமைகிறது.

நெகேமியா 5:1-5 இதற்குத் திருமறைச் சான்றாகும். அங்கே மக்களும் அவர்கள் மனைவியரும் எழுப்பும் முறையீட்டில் எவ்வளவு தெளிவு இருக்கிறது! தானியத்திற்காக நிலத்தை அடகு வைத்தோம். அரசனின் தீர்வைக்காகக் கடன் வாங்கினோம். பிள்ளைகளை அடிமைகளாக்க வேண்டியதாயிற்று. பெண்மக்களில் சிலர் ஏற்கெனவே அடிமைப்பட்டனர். மீட்க எங்களுக்குத் திராணியில்லை. விலை, வரி, வட்டி, மகளின் நிலை ஆகிய அனைத்தையும் அவர்களே வரிசைப்படுத்துகின்றனர். கேட்க ஒருவர் இருந்தார், ஆதலால் பேசினர். கேட்ட நெகேமியா அவர்களுக்கு மனரம்மியத்தைப் பற்றி உபதேசிக்கவில்லை; கடன் கொடுத்த பிரபுக்களை அழைத்து நிலத்தையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் செய்தார்.

5. ஆயர் பணிக்குச் சில முடிவுகள்

மேற்கூறியவற்றிலிருந்து நமது ஊழியத்திற்குரிய நான்கு முடிவுகளைக் கூறலாம்.

முதலாவது, நாம் கேட்கும் வினாவை மாற்றவேண்டும். "ஏன் இப்படிச் செய்தாய்?" என்பது குற்றவாளியிடம் கேட்கும் வினா. "வேறு என்ன வழி இருந்தது?" என்பது சகோதரனிடம் கேட்கும் வினா. பெதஸ்தா குளத்தருகில் முப்பத்தெட்டு ஆண்டு கிடந்தவனிடம் இயேசு அவனுடைய விருப்பத்தையே கேட்டார் (யோவான் 5:6). அவன் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்றும், தான் போவதற்குள் வேறொருவன் முந்திக்கொள்கிறான் என்றும் சொன்னான். விருப்பத்தைப் பற்றிய வினாவுக்கு அவன் வழியைப் பற்றி விடையளித்தான். உரையாசிரியர் சிலர் இதைச் சாக்குப்போக்கு என்பர். இயேசு அவ்வாறு கொள்ளவில்லை. அவனை எழும்பச் செய்தார்.

இரண்டாவது, மனநிறைவைப் பற்றிய போதனையை யாருக்குச் சொல்லுகிறோம் என்பதில் விழிப்பு வேண்டும். பிலிப்பியர் 4:11-13இல் பவுல் தாம் கற்றுக்கொண்டதைத் தம்மைக் குறித்தே கூறுகிறார். அவ்வசனங்களைச் சிறையிலிருந்து எழுதுகிறார். தன் வாழ்வைக் குறித்து ஒருவர் சொல்லும்போது அது சாட்சி. பிறருடைய கூலியைக் குறித்து நாம் சொல்லும்போது அது முதலாளிக்குச் செய்யும் உதவியாகிவிடக்கூடும். அதே முறையில், ஏழைகள் எக்காலத்தும் உங்களோடிருப்பர் என்று இயேசு கூறியதை (மாற்கு 14:7) வறுமைக்கு அளிக்கப்பட்ட நிரந்தர அனுமதியாகக் கொள்ளலாகாது. அக்கூற்றின் வேர் உபாகமம் 15ஆம் அதிகாரத்தில் உள்ளது. ஏழைகள் இராதிருப்பதே இலக்கு என்று அதன் 4ஆம் வசனமும், இருக்கும்வரை கையைத் திறக்கவேண்டும் என்று 11ஆம் வசனமும் உணர்த்துகின்றன.

மூன்றாவது, சம்மதம் என்பதைப் பற்றி நம் நாட்டு நீதிமன்றம் கூறியதையாவது நாம் கற்கவேண்டும். டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கான கட்டுமான வேலைகளில் ஈடுபட்ட தொழிலாளரைப் பற்றிய வழக்கில், 1982ஆம் ஆண்டு செப்டம்பரில் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக ஒருவர் வேலை செய்ய இசைந்தால், பசியும் வேறு வழியின்மையும் அவரைக் கட்டாயப்படுத்தின என்றே கொள்ளவேண்டும். அவ்வேலை அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பாகும் என்பது அதன் சாரம். ஏழையின் 'சரி' என்னும் சொல்லுக்குப் பின்னால் நிற்கும் பசியைச் சட்டம் கண்டுகொண்டது. திருச்சபை அதைக் காணத் தவறலாமோ? நம் சபைகளின் கோயில்குட்டிக்கும், பள்ளி ஆயாவுக்கும், விடுதிச் சமையலாளுக்கும் நாம் கொடுக்கும் கூலியை இத்தீர்ப்பின் ஒளியில் பார்ப்பது நல்ல தொடக்கமாயிருக்கும்.

நான்காவது, உதவி செய்யும்போது வழிகளைப் பெருக்கும் உதவியை முதன்மையாகக் கொள்ளவேண்டும். கிறிஸ்துமஸ் புடவை தேவையே. ஆனால் அது ஒருவர் முன்னுள்ள வழிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை. மாலை எட்டரை மணிவரை வேலை செய்யும் தாய்மாரின் பிள்ளைகளுக்குச் சபை மண்டபத்தில் ஓர் இடம் இருந்தால், பாதுகாப்புள்ள வேலையை விட்டுவிடத் தேவையில்லாதவர் சிலர் இருப்பர். அவசர மருத்துவச் செலவுக்கு வட்டியில்லாத சிறு கடன் நிதி ஒன்று இருந்தால், முன்பணம் வாங்க வேண்டியிராதவர் சிலர் இருப்பர். வரதட்சணை வாங்கும் திருமணத்தை நடத்தித்தர மறுக்கும் ஆயர் ஒருவர் இருந்தால், மகளை மில் விடுதிக்கு அனுப்ப வேண்டியிராத வீடு ஒன்றிரண்டு இருக்கும். இவை சிறியவையே. ஆயினும் ஒவ்வொன்றும் ஒருவர் முன் ஒரு புதிய வழியைத் திறக்கிறது. தொழிற்சங்கத்தில் சேரும் விசுவாசியை ஐயத்தோடு பாராமல் இருப்பதும் இதில் அடங்கும்.

முடிவுரை

மக்கள் வறுமையைத் தெரிந்தெடுக்கின்றனரா என்ற வினாவுக்கு இப்போது விடை கூறலாம். சிலர் தெரிந்தெடுத்துள்ளனர். அவர்கள் மறுக்கக் கூடியவர்களாயிருந்து மற்றவர்களுக்காக எளிமையை ஏற்றவர்கள். ஆண்டவர் அவர்களுக்கு முன்மாதிரி. வீரபாண்டியின் லைன் வீடுகளில் வாழ்வோர் அவ்வகையினர் அல்லர். எஞ்சிய வழிகளுக்குள் தம் பிள்ளைகளுக்கு எது குறைவான தீங்கு செய்யுமோ அதைக் கருத்தோடு தெரிந்தெடுத்து, அதன் பாரத்தைப் "பரவாயில்லை" என்ற சொல்லால் தாங்கி நடப்பவர்கள் அவர்கள். அச்சொல்லைப் பொறுமையின் அடையாளமாக நாம் மதிக்கவேண்டும். சம்மதக் கையெழுத்தாக எடுத்துக்கொள்ளலாகாது.

தெரிந்துகொள்ளுதல் என்ற கோட்பாட்டை நாம் வகுப்பறையில் விரிவாகக் கற்கிறோம். இறைவன் யாரைத் தெரிந்துகொள்ளுகிறார் என்று நெடுநேரம் விவாதிக்கிறோம். உலகத்தின் ஏழைகளை அவர் தெரிந்துகொண்டதாக யாக்கோபு 2:5 கூறுகிறது. அவ்வேழைகள் தெரிந்தெடுப்பதற்கு நம் ஊரில் என்னென்ன வழிகள் திறந்திருக்கின்றன என்பதையும் இனி நாம் அதே அக்கறையோடு கற்கவேண்டும்.